நாலரைக்கு ஒன்று: ஹேவாஹெட்ட மலைகளில் விகிதக் கணக்கின் கதை

நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வாடி, உருண்டு, புளித்து, காய்ந்து ஒரு கிலோ தேயிலைத் தூளாகும். கொழுந்தின் எடையில் நூற்றுக்கு எழுபத்தைந்திலிருந்து எண்பது பங்குவரை தண்ணீர். ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலை ஆலையின் வேலையில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரை வெளியேற்றுவதுதான். மழைக்காலத்தில் இலையின் மேல் ஈரமும் சேர்ந்துகொள்வதால் ஐந்து கிலோ போட்டால்தான் ஒரு கிலோ தூள் கிடைக்கும். எங்கள் ஹேவாஹெட்ட மலைகளில் இந்தக் கணக்கை அறியாத டீமேக்கர் இல்லை. அதே மலையில் கூடை சுமந்த பெண்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்கு பாடமாக வந்து சேர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்தத் தாமதத்தின் வரலாற்றைத்தான் எழுத விரும்புகிறேன். கொழுந்தெடுக்கும் ஒரு தாயின் மகளாகப் பிறந்து, தோட்டப் பாடசாலைகளில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். விகிதம் என்ற பாடம் எங்கள் மக்களுக்கு வெறும் பரீட்சைப் பாடமன்று என்பதைச் சொல்லவேண்டிய கடன் எனக்கு உண்டு.

கண்டியிலிருந்து தலாத்துஓயா, மாரஸ்ஸன வழியாக ஏறினால் ஹேவாஹெட்ட. கலஹா, தெல்தோட்டை வழியாகச் சுற்றிவந்தால் லூல்கந்துர. ஸ்கொட்லாந்திலிருந்து 1852இல் பதின்பருவத்திலேயே இலங்கைக்கு வந்த ஜேம்ஸ் டெய்லர், 1867இல் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டார். இலங்கையின் முதல் வணிகத் தேயிலைத் தோட்டம் அதுதான். தன் பங்களா விறாந்தையிலேயே கையால் இலை உருட்டிப் பார்த்தவர் அவர். 1873இல் இருபத்து மூன்று இறாத்தல் தூள் இங்கிருந்து லண்டனுக்குப் போனது. வகுப்பில் நான் அடிக்கடி கொடுத்த கணக்கு இதிலிருந்துதான் பிறந்தது: இருபத்து மூன்று இறாத்தல் தூளுக்கு எத்தனை இறாத்தல் கொழுந்து பறித்திருக்க வேண்டும்? நாலரையால் பெருக்கினால் நூற்று மூன்றரை வரும். டெய்லரின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அந்த நூற்று மூன்றரை இறாத்தலைப் பறித்த கைகளின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. விகிதத்தைத் திருப்பிப் போட்டால் மறைந்திருப்பவர்கள் வெளியே வருவார்கள் என்பதைப் பிள்ளைகள் இந்த ஒரு கணக்கிலேயே புரிந்துகொண்டார்கள்.

தேயிலைக்கு முன்பும் இந்த மண்ணில் விகிதம் ஆண்டது. கண்டி இராச்சிய காலத்தில் ஹேவாஹெட்ட ஒரு நிர்வாகப் பிரிவு. உட ஹேவாஹெட்ட, பாத ஹேவாஹெட்ட என்ற பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. பள்ளத்தாக்கு வயல்களை நீள அகலத்தால் அளக்கவில்லை. எவ்வளவு நெல் விதைக்கலாம் என்பதைக் கொண்டு அளந்தார்கள். ஓர் அமுணம் விதைப்பு என்றால் அது நிலத்தின் அளவு. விதையையும் நிலத்தையும் ஒரே எண்ணில் கட்டும் முறை அது. வயல் இல்லாத சிங்கள விவசாயி அடுத்தவன் வயலை 'அந்தே' முறையில் செய்தால் விளைச்சலில் பாதி நில உடைமையாளருக்குப் போகும். ஒன்றுக்கு ஒன்று. இந்தப் பங்கைக் குறைக்க 1958இல் நெற்காணிச் சட்டம் வரவேண்டியிருந்தது. மலைக்கு மேலே எங்களுக்கும், மலைக்குக் கீழே எங்கள் அயலவருக்கும் வாழ்க்கை ஏதோவொரு பங்குக் கணக்கில்தான் நடந்தது. அந்தப் பங்கை வைத்தவர்கள் இருவருமல்லர்.

இராச்சிய காலத்துக்குப் பிறகு, தேயிலைக்கு முன், கோப்பித் தோட்டங்கள் வந்தன. அவற்றில் வேலைசெய்ய, தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து மாத்தளைக்கும் கண்டிக்கும் வந்த கூட்டங்களைக் கங்காணிகள் கூட்டிவந்தார்கள். தன் ஆட்களில் ஒருவர் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தோட்டம் சில சதம் கொடுத்தது. அதற்குப் பெயர் 'பென்ஸ் காசு'. இதைவிடத் தெளிவான நேர் விகிதசமன் எந்தப் பாடநூலிலும் இருக்காது: ஆள் இரட்டித்தால் காசு இரட்டிக்கும், ஆள் காய்ச்சலில் படுத்தால் காசு குறையும். நோயாளியையும் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்துக்கு இழுத்துவந்த கொடுமைக்குப் பின்னால் தனிமனிதர்களின் குணம் மட்டும் இருக்கவில்லை, இந்தச் சமன்பாடும் இருந்தது. தொழிலாளியின் கணக்கோ வேறு மாதிரி. வழிச்செலவுக் கடனும் அரிசிக் கடனும் 'துண்டு' என்ற சீட்டில் ஏறின. வேலை கூடக்கூடக் கடன் குறையவேண்டும் என்ற சாதாரண விதி அந்தச் சீட்டில் பலிக்கவில்லை. 1921இல்தான் துண்டு முறை ஒழிக்கப்பட்டது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கணக்குத் தெரியாத சமூகத்திலிருந்தா இவர்கள் வந்தார்கள்? தமிழ்நாட்டின் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி மனப்பாடம் நடந்த காலம் அது. முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, மா இருபதில் ஒன்று, மாகாணி பதினாறில் ஒன்று. இவ்வளவு நுணுக்கமான பின்னங்களைப் பிள்ளைகள் வாய்ப்பாடாகவே சொன்னார்கள். காரி நாயனாரின் கணக்கதிகாரம் என்ற நூலில் நிலம், பொன், நெல், அரிசி, கல், காலம் என்று வாழ்க்கைக்கு வேண்டிய கணக்கெல்லாம் உண்டு. பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ணும் வழி எல்லோரும் அறிந்தது: காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டும். ஐந்துக்கு ஆறு என்ற விகிதம் அது. ஹேவாஹெட்டயில் பலாவுக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகளைக் கொண்டு முள்ளை எண்ணவைத்து, பழத்தை அறுத்துச் சுளையையும் எண்ணிப் பார்க்கச் சொல்வேன். சில பழங்களில் விடை அருகே வரும், சிலவற்றில் தவறும். ஒரு விதி எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்று சோதிப்பதும் கணிதம்தான் என்பதற்கு அது நல்ல பாடம்.

விகிதக் கணக்கின் தாய்முறை இந்தியாவில் மிகப் பழையது. தெரிந்த மூன்றிலிருந்து தெரியாத நான்காவதைக் காணும் 'திரைராசிகம்' கி.பி. 499இல் ஆரியபட்டரிடம் இருக்கிறது. பிரம்மகுப்தர் 628இல் அதை விளக்குகிறார். பாஸ்கரர் 1150இல் எழுதிய லீலாவதியில் அது கணக்குகளுக்கெல்லாம் அடித்தளமாக நிற்கிறது. சீனாவின் பண்டைய ஒன்பது அத்தியாயங்கள் நூலில் தினையை அரிசிக்கு மாற்றும் கணக்குக்கு ஓர் அத்தியாயமே உண்டு. உலகெங்கும் விகிதத்தைக் கற்பித்தவை தானியக் களஞ்சியமும் சந்தையும் வரி வசூலும்தான். அளக்கிறவனும் அளக்கப்படுகிறவனும் இருக்கும் இடமெல்லாம் இந்தக் கணக்கு தேவைப்பட்டது. திண்ணைப் பள்ளியின் மனப்பாடம் பொருளற்ற ஒப்புவிப்பு அன்று, கிராமத்தின் அளவைகளோடும் வேலையோடும் ஒட்டிய பயிற்சி என்று ஆய்வாளர் செந்தில்பாபு விரிவாக எழுதியிருக்கிறார். ஆனால் அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. கப்பல் ஏறியவர்களில் பெரும்பாலோர் திண்ணைக்கு வெளியே நின்றவர்கள். ஊரில் சுவடி படித்தவன் இங்கே கங்காணியாகவும் கணக்கப்பிள்ளையாகவும் ஆனான். படிக்காதவன் அவன் எழுதிய பேரேட்டில் ஒரு பெயரானான். கடல் கடந்து வந்தபோது கணக்கும் வந்தது; அது தன் பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டது.

யாழ்ப்பாணத்தின் கதை வேறாக இருந்தது. அமெரிக்க மிஷனரிகள் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினார்கள். அங்கே உயர்கணிதம் கற்பிக்கப்பட்டது. தமிழில் இயற்கணிதப் பாடநூல் எழுதும் அளவுக்குத் தேர்ந்தவர்கள் உருவானார்கள். அதே இலங்கையில், அதே நூற்றாண்டில், மலையகப் பிள்ளைக்குக் கிடைத்தது என்ன? தோட்டத் தொழிலாளருக்காக 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் சில இடங்களில் எழுத்தறிவு புகட்டியது. மற்றபடி தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் வாசலில் பொழுது சாய்ந்த பிறகு யாராவது ஒருவர் நடத்திய பாடம்தான். 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி தரவேண்டும் என்றது. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத் துரைமார் மீது அந்தப் பொறுப்பை இன்னும் அழுத்தமாக வைத்தது. ஓர் அறை, ஓர் ஆசிரியர், எல்லா வயதுப் பிள்ளைகளும் ஒன்றாக. வாசிப்பு, எழுத்து, எண். கூட்டல், கழித்தலோடு பெரும்பாலும் கணக்கு முடிந்தது. பிள்ளை பத்து வயதில் மலைக்குப் போனது. நாடு 1945இல் இலவசக் கல்வியைக் கொண்டாடியபோதும் தோட்டப் பள்ளி பெரும்பாலும் அதற்கு வெளியேதான் நின்றது.

கூட்டலும் கழித்தலும் மட்டும் தெரிந்த மனிதன் தன் கூலியைச் சரிபார்க்க முடியாது. இதை நான் கோட்பாடாகச் சொல்லவில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பார்த்து வளர்ந்தேன். காலை, பகல், மாலை என்று மூன்று வேளை நிறுவை. தராசில் கூடை ஏறும்; கூடையின் எடைக்கும் இலையின் ஈரத்துக்கும் சில கிலோ கழியும்; மிச்சம் சீட்டில் ஏறும். என் அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனாலும் 'காலைல ஆறு, பகலைக்கு எட்டு, இன்னும் ஆறு போட்டாத்தான் பேரு' என்று மனக்கணக்கில் நின்றபடியே சொல்லிவிடுவார். 'கிலோ நாப்பதுன்னா அஞ்சு கிலோவுக்கு இருநூறு' என்று, கிலோவுக்கு இவ்வளவு என்று கிடைக்கும் கைக்காசுக் கணக்கும் அவரிடம் பிசகாது. ஆனால் ஈரத்துக்குக் கழித்தது எத்தனை பங்கு, அது வெயில் நாளிலும் மழை நாளிலும் ஒரே எண்ணாக இருப்பது சரியா என்று கேட்பதற்கு விகிதம் வேண்டும். ஐந்து கிலோ இலைக்கு ஒரு கிலோ கழிப்பதும் பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ கழிப்பதும் ஒன்றல்ல. முன்னதில் ஐந்தில் ஒன்று போகிறது, பின்னதில் பத்தில் ஒன்று. கொஞ்சமாகப் பறித்தவளுக்கே அதிக இழப்பு. இந்த உண்மையை மடுவத்தில் நின்ற பெண்கள் எல்லோரும் உணர்ந்திருந்தார்கள். அதைக் கணக்கப்பிள்ளையின் முன்னால் எண்ணாக வைக்கும் மொழிதான் அவர்களிடம் இருக்கவில்லை.

'அரைப்பேர்' இன்னும் ஆழமான பாடம். ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று ஓர் அளவு உண்டு. அதை எட்டினால் முழு நாட்கூலி, அதாவது முழுப்பேர்; எட்டாவிட்டால் பாதிக் கூலி, அதாவது அரைப்பேர். கணக்குக்கு வசதியாக அளவு இருபது கிலோ, நாட்கூலி ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு ஐம்பது ரூபாய் என்றுதானே தோன்றும்? பத்தொன்பது கிலோ பறித்தவளுக்கு விகிதப்படி தொள்ளாயிரத்து ஐம்பது வரவேண்டும். அரைப்பேர் என்றால் ஐந்நூறுதான். அந்த ஒரு கிலோவின் விலை ஐந்நூறு ரூபாயாகிவிடுகிறது. வரைபடத் தாளில் இதை வரையச் சொல்வேன். விகிதசமமான கூலி பூச்சியத்திலிருந்து நேர்கோடாக ஏறும். அரைப்பேர்க் கூலியோ தட்டையாகக் கிடந்து, இருபதாவது கிலோவில் திடீரென்று மேலே தாவும். 'டீச்சர், இங்க மலை செங்குத்தா நிக்குது' என்று ஒரு மாணவி சொன்னாள். நேர் விகிதசமன் எது, எது இல்லை என்று வேறுபடுத்தத் தெரிந்துவிட்டால் பாடத்தின் பாதி முடிந்தது. பாடநூல்கள் விகிதசமமான உதாரணங்களையே தொடர்ந்து தருவதால், உலகமே விகிதப்படி நடக்கிறது என்று பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த நம்பிக்கை ஆபத்தானது.

எண்ணைத் தொழிலாளியின் கையில் கொடுக்க முயன்றவர்களில் முதன்மையானவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூரில் ஆசிரியராக இருந்தவர். 'வர்த்தகமித்திரன்' என்ற வணிக இதழோடு தொடர்புடையவர். இலங்கைக்கு வந்தபின் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து நிலைமையை அறிந்தார் என்பது மலையகத்தில் எல்லோரும் சொல்லும் வரலாறு. 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்கான சங்கத்தை அமைத்தார். துண்டுப் பிரசுரங்கள் வழியாகக் கடன், சம்பளம், சட்டம் எல்லாவற்றையும் எளிய தமிழில் தொழிலாளருக்கு விளக்கினார். அவர் எழுத்தில் ஆவேசமும் உண்டு, கணக்கும் உண்டு. இரண்டும் சேர்ந்ததால்தான் துரைமார் அவருக்கு அஞ்சினார்கள் என்று நான் நினைக்கிறேன். இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கும் சட்டம் 1927இல் வந்தபோது ஆணுக்கு ஒரு தொகை, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த தொகை, பிள்ளைக்கு இன்னும் குறைந்த தொகை என்றே வகுத்தார்கள். கொழுந்தெடுப்பதில் பெரும்பங்கு பெண்களுடையது. குறைந்த கூலியும் பெண்களுடையது. அந்த ஏற்றத்தாழ்வு நீங்கிச் சமகூலி வர 1984 ஆகிவிட்டது.

ஹேவாஹெட்டக்காரர்கள் மறக்கக்கூடாத ஒரு பெயர் கோவிந்தன். 1939ஆம் ஆண்டின் இறுதியில் முல்லோயாத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். லங்கா சமசமாஜக் கட்சியின் தொழிற்சங்கம் அவர்களோடு நின்றது. 1940 ஜனவரியில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் உயிரிழந்தார். அரசு விசாரணை ஆணைக்குழு அமைக்க வேண்டிவந்தது. சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வா கோவிந்தனின் மனைவிக்காக அதில் ஆஜரானார். மலையகத் தியாகிகளின் வரிசையில் இன்றும் கோவிந்தனின் பெயர் முன்னால் நிற்கிறது. வேலைநிறுத்தக்காரர்கள் கேட்டது சதக் கணக்கிலான உயர்வு. சதம் சிறிது என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அறுபது சதத்துக்கும் குறைவான நாட்கூலியில் பத்துச் சதம் கூடினால் அது ஆறில் ஒரு பங்குக்கும் மேல். எண் சிறிது, விகிதம் பெரிது. முல்லோயாத் தொழிலாளர் இந்தக் கணக்கை எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. அரிசிப் பானையின் முன்னால் அறிந்திருந்தார்கள்.

எங்கள் வரலாற்றில் மிகக் கொடிய விகிதம் இதற்குப் பிறகு வந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர்கள் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேர் என்று மதிப்பிட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்பது என்று முடிவாயிற்று. ஒன்பதாந்தர மாணவர்களிடம் இதைச் சுருக்கச் சொல்வேன். முதல் இரண்டு எண்களையும் 75,000ஆல் வகுத்தால் ஏழுக்கு நான்கு. இது என் வகுப்பறைக் கற்பனையன்று. 1967ஆம் ஆண்டு அமுலாக்கல் சட்டத்தோடு ஏழுக்கு நான்கு என்பதே நடைமுறையாயிற்று: அந்தப் பக்கம் ஏழு பேர் என்றால் இந்தப் பக்கம் நான்கு பேர். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். எல்லாவற்றையும் கூட்டினால் ஆறு இலட்சத்துக்கு மூன்றே முக்கால் இலட்சம், அதாவது எட்டுக்கு ஐந்து.

இந்தக் கணக்கைப் பலகையில் எழுதும்போது வகுப்பில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கதை வரும். பாட்டியின் அண்ணன் போனார், பாட்டி இருந்தார். ஒரு குடும்பத்தில் பெற்றோருக்கு இந்தியப் பாஸ்போட், கட்டிக்கொடுத்த மகளுக்கு இலங்கைக் குடியுரிமை. தலைமன்னார் வரை ரயில், அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல், அதன்பின் நீலகிரியிலோ வேறெங்கோ ஒரு புதிய லயம். கொழுந்தை எந்த விகிதத்திலும் பிரிக்கலாம். அரை கிலோ, கால் கிலோ என்று துண்டாடலாம். மனிதரை அப்படிப் பிரிக்க முடியாது. விகிதசமனைப் பயன்படுத்தும் முன் 'இந்தப் பொருள் பிரிக்கக்கூடியதா?' என்று கேட்கவேண்டும் என்ற விதியை என் மாணவர்கள் இந்த வரலாற்றிலிருந்துதான் கற்றார்கள். குடியுரிமைப் பிரச்சினையை முடித்துவைத்த சட்டம் 2003இல் வந்தது. ஆனாலும் ஏழுக்கு நான்கு என்ற எண் எங்கள் கணக்குப் பாடத்திலிருந்து மறையக்கூடாது.

தோட்டங்கள் 1972லும் 1975லும் அரசுடைமையாயின. 1977 முதல் தோட்டப் பள்ளிகளும் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. 1980களில் சுவீடன் அரசின் உதவித் திட்டம் பெருந்தோட்டக் கல்விக்கு வந்தது. ஜெர்மனியின் உதவியோடு கொட்டகலை பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி எழுந்தது. மலையகப் பிள்ளைகளுக்கு மலையக ஆசிரியர்கள் கிடைக்கத் தொடங்கினார்கள். 1970களில் இறாத்தலும் அந்தரும் போய்க் கிலோ வந்தது. அளவை மாறும் காலத்தில் விகிதம் தெரியாதவன் நட்டப்படுவான். ஓர் இறாத்தல் 0.4536 கிலோ; ஒரு நாளைக்குப் பறிக்கவேண்டிய அளவு முப்பது இறாத்தல் என்றால் அது பதின்மூன்று கிலோ அறுநூறு கிராம். அதைப் பதினான்கு என்று முழுமையாக்கினால் ஏறத்தாழ ஓர் இறாத்தல் கொழுந்து கூலியில்லாமல் கூடையிலிருந்து போகும். இந்தக் கணக்கை நான் வகுப்பில் கொடுத்ததுண்டு. தாத்தாமாரிடம் கேட்டுவிட்டு வந்த பிள்ளைகள் அடுத்த நாள் புதிய கணக்குகளோடு வந்தார்கள்.

விகிதத்தில் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது உலகெங்கும் ஒன்றுதான். அமெரிக்காவின் ரொபர்ட் கார்ப்ளஸ் 1970களில் ஒரு கேள்வியைப் புகழ்பெறச் செய்தார். குட்டையனின் உயரம் நான்கு பொத்தான், நெட்டையன் ஆறு பொத்தான். குட்டையனைக் காகிதக் கிளிப்பால் அளந்தால் ஆறு கிளிப். நெட்டையன் எத்தனை? ஒன்பது என்பதே விடை. ஏராளமான பிள்ளைகள் எட்டு என்றார்கள். பொத்தானில் இரண்டு வித்தியாசம், ஆகவே கிளிப்பிலும் இரண்டு. பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டுகிறார்கள். என் மாணவர்களும் அப்படித்தான். ஒன்பது கிலோ கொழுந்துக்கு இரண்டு கிலோ தூள், இருபத்தேழு கிலோவுக்கு எவ்வளவு என்று கேட்டால், பதினெட்டு கூடியதால் இருபது என்று ஒரு பையன் எழுதினான். ஸ்டோரில் வேலை செய்யும் ஒருவரின் மகள் உடனே மறுத்தாள்: 'இருபத்தேழு கிலோ கொழுந்துல இருபது கிலோ தூளா? தண்ணியெல்லாம் எங்க போச்சு?' பையன் தானாகவே ஆறுக்கு வந்தான். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

பிரேசிலின் ரெசிஃபே நகரில் டெரெசின்யா நூனெஸும் அவருடைய சகாக்களும் 1985இல் வெளியிட்ட ஆய்வு இங்கேதான் பொருந்துகிறது. தெருவில் இளநீரும் பழமும் விற்ற ஏழைச் சிறுவர்களிடம் வாங்குபவர்களைப் போலப் போய் விலை கேட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு விடைகள் சரி. அதே கணக்கைத் தாளில் எண்களாகக் கொடுத்தபோது நூற்றுக்கு முப்பத்தேழுதான் சரி. ஒரு தேங்காய் முப்பத்தைந்து, பத்துத் தேங்காய்க்கு எவ்வளவு என்று கேட்டபோது ஒரு சிறுவன் பூச்சியம் சேர்க்கவில்லை. மூன்று தேங்காய்க்கு நூற்றைந்து என்று தொடங்கி, மூன்று மூன்றாகச் சேர்த்து முந்நூற்றைம்பதுக்கு வந்தான். என் அம்மா மடுவத்தில் நின்றபடி கணக்குப் போட்ட வழியும் அதுவே. பிள்ளைகள் வீட்டிலிருந்து கணக்கோடுதான் வருகிறார்கள். பள்ளி அதைக் கண்டுகொள்ளாமல் புதிதாக ஒன்றைச் சுமத்தும்போதுதான் அவர்கள் கணக்கு வராதவர்கள் ஆகிறார்கள்.

ஆகவே நான் சூத்திரத்திலிருந்து தொடங்கியதில்லை. முதலில் இரட்டிப்பு, பாதி: ஒன்பதுக்கு இரண்டு, பதினெட்டுக்கு நான்கு, முப்பத்தாறுக்கு எட்டு. அடுத்து அட்டவணை, அதில் இரண்டு நிரலுக்கும் இடையே மாறாமல் நிற்கும் நாலரையைத் தேடுவது. பிறகு ஒன்றுக்கு எவ்வளவு என்ற அலகு முறை. அதன்பின் வரைபடம். குறுக்கே பெருக்குவது கடைசியில்தான், அதுவும் ஏன் என்று அவர்களே சொல்லிய பிறகு. நேர்மாறு விகிதசமனுக்கு மலையே போதும்: பன்னிரண்டு பேர் ஆறு மணித்தியாலத்தில் எடுக்கும் மலையை எட்டுப் பேர் எடுக்க ஒன்பது மணித்தியாலம். இரண்டிலும் எழுபத்திரண்டு. ஆள் குறைந்தால் நேரம் கூடும் என்பது அவர்கள் அம்மாமாரின் முதுகுக்குத் தெரிந்த உண்மை.

இன்று தரம் 9இல் நேர் விகிதசமனும் அதற்குப் பிந்திய வகுப்பில் நேர்மாறு விகிதசமனும் நாடெங்கும் பொதுவான பாடநூல்களில் இருக்கின்றன. அது பெரிய முன்னேற்றம். அதற்கு மேல் ஒரு படி போகவேண்டும் என்பது என் வேண்டுகோள். ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலும் விகிதப் பாடம் பெற்றோரின் சம்பளத் துண்டோடு தொடங்கட்டும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி எட்டு வீதம், முதலாளி பன்னிரண்டு வீதம், அதாவது இரண்டுக்கு மூன்று. துண்டில் அந்த இரண்டுக்கு மூன்று சரியாக இருக்கிறதா என்று ஏழாந்தரப் பிள்ளை பார்த்துச் சொல்ல முடியும். சிறுதோட்டக்காரரின் கொழுந்துக்குத் தேயிலை விற்பனை விலையில் அறுபத்தெட்டுப் பங்கு, ஆலைக்கு முப்பத்திரண்டு என்று அரசு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. பெருந்தோட்டத் தொழிலாளியின் சம்பளமோ ரூபாய்த் தொகையாகவே முடிவாகிறது. 2021இல் நாட்கூலி ஆயிரம் ரூபாயாக எத்தனை ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது என்பதை நாடு அறியும். ஏன் ஒருவருக்கு விகிதமும் மற்றவருக்குத் தொகையும்? விலை ஏறும்போது இரண்டில் எது கூட ஏறும்? இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு பிள்ளைக்குத் தேவைப்படுவது ஒன்பதாந்தரக் கணிதம் மட்டுமே.

டெய்லரின் காலத்திலிருந்து இன்றுவரை இந்த மலைகளில் விகிதம் எப்போதும் கணக்கிடப்பட்டே வந்திருக்கிறது. கங்காணி கணக்கிட்டான், கணக்கப்பிள்ளை கணக்கிட்டான், இரண்டு அரசுகள் கணக்கிட்டன. எங்கள் பிள்ளைகள் கணக்கிடத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். அவர்களை வேகமாக விடைக்கு ஓடவைக்கும் ஆசிரியர்களைவிட, 'இந்த எண்ணை யார் வைத்தார்கள், எதனோடு ஒப்பிட்டு வைத்தார்கள்?' என்று கேட்கப் பழக்கும் ஆசிரியர்கள் ஹேவாஹெட்டக்கு வேண்டும். இளைய ஆசிரியர்களே, தராசையும் சம்பளத் துண்டையும் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். பாடநூல் அதற்குப் பின்னால் வரட்டும்.